பாட்டு கேட்டு டச்சுச் சொல் சேர்ப்பது எப்படி? நெதர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

முதல் வருடம் நான் சேர்த்த டச்சுச் சொற்கள் அறுநூற்றுக்கு மேல். எல்லாம் பாட்டிலிருந்து எடுத்தவை. கண்ணீர், ஏக்கம், துரோகம், நள்ளிரவு, மழை, கடைசி முத்தம் என்று ஒரு நோட்டு நிரம்பிவிட்டது. ஆனால் ஐந்தோவனில் எங்கள் தெருமுனை ரொட்டிக் கடைக்குப் போய் "பாதி ரொட்டி போதும், துண்டு போட்டுக் கொடுங்கள்" என்று சொல்ல அந்த நோட்டில் ஒரு சொல்லும் இல்லை. விரலைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது வருடமும் பாட்டை விடவில்லை, கையாளும் விதத்தைத்தான் மாற்றினேன். அறுநூறு சொல்லால் நடக்காதது முந்நூறு சொல்லால் நடந்தது. அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். என்னைப் போல ஒரு வருடத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம்.

தொடங்குமுன் ஒரு குறிப்பு. டச்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தொண்டையைச் செருமுவது போல வரும் அந்தப் பிரபலமான ஒலிக்கு 'ஃக' என்று போட்டிருக்கிறேன். 'வீடு', 'வெளியே' போன்ற சொற்களில் வரும் ஓர் உயிரொலிக்குத் தமிழில் எழுத்தே கிடையாது. அதற்கு 'அய்' என்று வைத்திருக்கிறேன், காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

1. எதற்காகக் கற்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வேலை விசாவில் வந்தவர்களுக்கு டச்சு கட்டாயம் இல்லை. நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ கேட்கும்போதுதான் இன்புர்ஃகரிங் என்ற குடிபுகுந்தோர் ஒருங்கிணைப்புத் தேர்வு வேண்டும். வேலைக்காக வந்து தானாகவே அதை எழுதுபவர்களுக்கு ஏ2 என்ற அடிப்படை மொழி நிலை போதும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி கட்டாயத்தின் பேரில் எழுதுபவர்களுக்கு பொதுவாக அதற்கு அடுத்த பி1 நிலை. நீங்கள் எந்த வகை என்பதைக் குடிவரவுத் துறையான ஐஎன்டியின் பக்கத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். அலுவலக நண்பர் சொன்னதை நம்பாதீர்கள். அவர் வந்த வருடத்து விதி அவருக்கு, நீங்கள் வந்த வருடத்து விதி உங்களுக்கு.

பாட்டு மட்டும் கேட்டு இந்தத் தேர்வில் தேற முடியாது. அப்படிச் சொல்பவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார். பாட்டு உங்களுக்குத் தருவது வேறு: ஒரு சொல் எந்தச் சொல்லோடு ஒட்டி வரும், எந்த இடத்தில் பிரியும், எப்படி ஒலிக்கும் என்பது. வகுப்பில் இதற்கு நேரம் இருப்பதில்லை. பாடப்புத்தகத்தை ஒரு கையிலும் பாட்டை இன்னொரு கையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

ஒரு கோடு போட்ட நோட்டு, மூன்று நிறப் பேனா. பாட்டு வரிகளைத் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஓடும் வரிகளைப் பார்த்தால் படித்தது போல இருக்கும், ஆனால் மனதில் நிற்காது.

அகராதிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வான் டாலெ அகராதியின் இலவச இணையப் பதிப்பே ஆரம்பத்துக்குப் போதும். எழுத்துக்கூட்டலுக்கும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆங்கில 'the' போல 'டெ' வருமா 'ஹெட்' வருமா என்பதற்கும் வூர்டன்லெய்ஸ்ட் என்ற அதிகாரபூர்வச் சொற்பட்டியல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. திரும்பத் திரும்பச் சோதித்துக்கொள்ள அங்கி (Anki) செயலி நல்லது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் ஒரு தடவைக் கட்டணமாக 25 டாலர் அளவில் ஆகும். அந்தக் காசுக்கு மனம் வரவில்லை என்றால் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நூலக அட்டை எடுத்துவிடுங்கள். அடையாள ஆவணமும் வீட்டு முகவரியும் கேட்பார்கள். பெரியவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். குழந்தை இருந்தால் முதலில் குழந்தையின் பெயரில் எடுங்கள். படமும் பாட்டும் உள்ள மழலைப் புத்தகங்கள்தான் முதல் மூன்று மாதத்துக்கு உங்களுக்கும் வேண்டியவை. பல நூலகங்களில் 'டால்கஃபே' என்று வாரம் ஒருமுறை உட்கார்ந்து டச்சு பேசிப் பழகும் கூட்டம் நடக்கும். பெரும்பாலும் இலவசம்தான், காபியும் கிடைக்கும். அதன் நாளையும் நேரத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், 7ஆம் படியில் வேண்டும்.

நான் தொடக்கத்தில் செய்த தவறு, ஒரு தனியார் வகுப்புக்கு மொத்தக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டியது. வேலை நேரம் மாறி நாலு வகுப்போடு நின்றுபோனேன். கட்டிய பணம் திரும்பவில்லை. தவணையாகக் கட்ட முடியுமா, நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

3. எந்தப் பாட்டு?

உங்களுக்குப் பிடித்த பாட்டு முதல் பாட்டாக வேண்டாம். மெதுவான, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும் பாட்டு வேண்டும். முதல் இரண்டு மாதம் குழந்தைப் பாட்டு மட்டும். வெட்கப்பட ஒன்றும் இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் அவை மனப்பாடம் என்பதால், நீங்கள் ஒரு வரியைத் தொடங்கினால் அலுவலகத்தில் நாலு பேர் முடித்துவைப்பார்கள். பாப் பாட்டில் அந்த வசதி கிடையாது.

மூன்றாம் மாதத்துக்கு விம் சோன்னஃபெல்ட் பாடிய 'ஹெட் டோர்ப்' நல்லது. பாடுவதைவிடக் கதை சொல்வது போல இருக்கும், இறந்தகால வினைகள் நிறைய கிடைக்கும். அப்புறம் 1996இல் வந்த 'ஃபெய்ஃப்டீன் மில்யூன் மென்சன்'. இந்த நாட்டுக்காரர்களைப் பற்றி அவர்களே செய்துகொண்ட கேலி அது. தலைப்பில் இருக்கும் ஒன்றரைக் கோடி மக்கள் இப்போது ஒரு கோடியே எண்பது லட்சம் ஆகிவிட்டார்கள், பாட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி பொறிகள். நான் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் விழுந்தவன்.

நெதர்லாந்தில் பாடப்படுவது எல்லாம் டச்சு அல்ல. 2000இல் முதலிடம் பிடித்த 'வேர் பிஸ்டோ' என்ற பாட்டை இரண்டு வாரம் உட்கார்ந்து அகராதியில் தேடினேன். ஒரு சொல்லும் அகப்படவில்லை. அது ஃப்ரீஸ் மொழி, வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் பேசுவது. டச்சு அல்ல. தெற்கே லிம்புர்ஃக் பக்கத்துக் குழுக்கள் பலவும் தங்கள் வட்டார மொழியில்தான் பாடும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் கார்னவல் திருவிழா வந்தால் ஐந்தோவனே 'லாம்பஃகட்' என்று பெயர் மாற்றிக்கொள்ளும். அந்த நாட்களின் பாட்டுகளில் எங்கள் பிராபான்ட் மாகாணத்து வழக்குதான் முழுக்க. ஆடுங்கள், நோட்டை எடுக்காதீர்கள்.

பெல்ஜியப் பாட்டு டச்சுதான், ஆனாலும் கவனம். அங்கே 'ஸ்ஃகோன்' என்றால் அழகு. நெதர்லாந்தில் அன்றாடப் பேச்சில் அதற்குச் சுத்தம் என்று பொருள். 'லோபன்' என்றால் அங்கே ஓடுவது, இங்கே நடப்பது. இங்கே ஒரு பெண்ணைப் பாராட்டுவதாக நினைத்து 'ஸ்ஃகோன்' என்றால், "குளித்துச் சுத்தமாக இருக்கிறீர்கள்" என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

வானொலியைப் போட்டுவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். என்பிஓ ரேடியோ 2 ஒவ்வொரு ஆண்டும் கிறிஸ்துமஸ் நாளிலிருந்து டிசம்பர் 31 நள்ளிரவு வரை 'டாப் 2000' என்று இரண்டாயிரம் பாட்டு போடும். ஊரே கேட்கும், ஆனால் அதில் பெரும்பகுதி ஆங்கிலம். பட்டியல் முன்கூட்டியே வெளியாகும். அதில் டச்சுப் பாட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துவைத்தால் ஒரு வருடத்துக்கான சரக்கு கிடைத்துவிடும்.

4. முதலில் காது, அப்புறம் கண்

வாரத்துக்கு ஒரு பாட்டு, நாளைக்கு 25 நிமிடம். இதற்கு மேல் போகாதீர்கள், மூன்றாவது வாரம் களைத்துவிடுவீர்கள்.

முதல் நாள் வரிகளைப் பார்க்காமல் மூன்று தடவை கேளுங்கள். காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்திலேயே கிறுக்குங்கள். தப்பாக இருந்தால் பரவாயில்லை. இரண்டாம் நாள் தாளை எடுத்து ஒப்பிடுங்கள். எங்கே தப்பினீர்கள் என்று பார்த்தால் ஒரே இடம்தான் திரும்பத் திரும்ப வரும். சொல்லின் கடைசியில் எழுத்தில் இருக்கும் '-en'இன் 'ன்' பேச்சில் பெரும்பாலும் விழுந்துவிடும். 'லோபன்' என்று எழுதுவார்கள், 'லோப' என்று பாடுவார்கள். அப்புறம் 'இக்' என்பது வெறும் 'க்' ஆகும், 'ஹெம்' என்பது 'ம்' ஆகும், 'ஹெட்' என்பது 'ட்' ஆகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ரயில் நிலைய அறிவிப்புகூட எனக்குப் புரிய ஆரம்பித்தது.

இந்தச் சுருக்கங்களைக் கேட்கும்போது புரிந்துகொள்ளுங்கள், பேசும்போது சொல்லுங்கள். எழுத்துத் தேர்வில் மட்டும் எழுதாதீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் வரிகள் ரசிகர்கள் தட்டச்சு செய்தவை. வினையின் கடைசியில் 'd' வருமா, 'dt' வருமா, 't' மட்டும் வருமா என்பதில் டச்சுக்காரர்களே தடுமாறுவார்கள். எழுத்துக்கூட்டலை வரியிலிருந்து எடுக்காதீர்கள், சொற்பட்டியலில் சரிபாருங்கள்.

5. வரியைப் பிரித்துப் பார்ப்பது

இந்தப் படிக்குத்தான் இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். ஒரு பாட்டை வைத்தே காட்டுகிறேன்.

நவம்பர் நடுவில், குழந்தைகளுக்குப் பரிசு தரும் தாத்தாவான சின்டர்கிளாஸ் வருவார். அதற்கு முன்பே தொடக்கப் பள்ளியிலிருந்து பாட்டுத் தாள் வீட்டுக்கு வரும். என் மகளின் பையிலிருந்து வந்த தாளில் முதல் பாட்டு இது:

"ஸீ ஃகின்ட்ஸ் கோம்ட் டெ ஸ்டோம்போட் அய்ட் ஸ்பான்யெ வேர் ஆன்."

'அதோ பார், ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பல் மறுபடியும் வந்து சேர்கிறது.' பொருள் இவ்வளவுதான். இதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனால் எதுவும் கிடைக்காது. 'ஸீ' (பார்) என்பதை விட்டுவிட்டால் 'கோம்ட்' இரண்டாவதாக வருகிறது, 'ஆன்' கடைசியில் தனியாகத் தொங்குகிறது. இரண்டும் ஒரே வினை: 'ஆன்கோமன்', வந்துசேர்தல். வாக்கியத்தில் அது இரண்டாக உடைந்து, தலை வாக்கியத்தின் வாலுக்குப் போய்விடும். நீங்கள் அகராதியில் 'கோமன்' என்று தேடினால் 'வருதல்' என்று மட்டும் காட்டும். பாதிப் பொருள் போயிற்று. ஆகவே வினையைக் கண்டதும் வரியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். அங்கே 'ஆன், ஓப், அய்ட், மே, டு' என்று குட்டியாக ஏதாவது உட்கார்ந்திருந்தால், அதைக் கொண்டுவந்து வினைக்கு முன்னால் ஒட்டிவிட்டு அப்புறம் தேடுங்கள். மறுநாள் நிலையத்துக்குப் போனால் "பத்து மணிக்கு ரயில் வந்துசேரும்" என்பதும் இதே கட்டில் வருவதைக் கேட்பீர்கள். கப்பல் இருந்த இடத்தில் ரயில்.

அடுத்த வரி: "ஹெய் ப்ரெங்ட் ஓன்ஸ் சின்ட் நிக்கோலாஸ், இக் ஸீ ஹெம் அல் ஸ்டான்." கடைசித் துண்டைப் பாருங்கள்: 'நான் பார்க்கிறேன் அவரை ஏற்கெனவே நிற்க.' நாம் 'அவர் நிற்பது இப்போதே தெரிகிறது' என்போம். 'அல்' என்ற அந்தக் குட்டிச் சொல்தான் 'ஏற்கெனவே, அதற்குள்'. ஒரு நாளைக்கு இருபது தடவை காதில் விழும். அதை நோட்டில் எழுதுங்கள்.

பிறகு குதிரை: "ஹு ஹுப்பெல்ட் ஸெய்ன் பார்ட்யெ ஹெட் டெக் ஓப் என் நேர்." 'பார்ட்' என்றால் குதிரை, 'பார்ட்யெ' என்றால் குட்டிக் குதிரை, அல்லது செல்லமாகக் குதிரை. டச்சுக்காரர்கள் எதையும் இப்படிச் சின்னதாக்கிவிடுவார்கள். பெரியவர்கள் குடிக்கும் பீரும் 'பீர்ட்யெ'தான். இந்த 'யெ' விகுதி வந்தால் அந்தச் சொல்லுக்கு எப்போதும் 'ஹெட்'. மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. 'ஓப் என் நேர்' மேலும் கீழும். அதற்கடுத்த வரியில் கொடிகள் ஆடும்போது 'அல் ஹேன் என் அல் வேர்' என்று வரும். பேச்சில் அது 'ஹேன் என் வேர்', அங்கும் இங்கும், போயும் வந்தும். இந்த இரண்டு சோடியையும் எழுதுங்கள். கொடிக்கு வரும் 'விம்பெல்' என்ற சொல்லை எழுதாதீர்கள். படகு வாங்கும் எண்ணம் இருந்தால் எழுதலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேலையாள் வரும் வரி: "ஸெய்ன் க்னெஃக்ட் ஸ்டாட் டெ லாஃகன்." இந்த 'டெ' (te) பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'டெ' (de) அல்ல. 'நிற்கிறான் சிரிக்க' என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் ஒன்றும் விளங்காது. 'நின்றுகொண்டு சிரிக்கிறான்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், அப்படியே பொருந்தும். 'ஸிட் டெ லேஸன்' உட்கார்ந்து படிக்கிறாள். 'லிஃக்ட் டெ ஸ்லாபன்' படுத்துத் தூங்குகிறான். ஒரு செயல் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல அவர்களும் நம்மைப் போலவே உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்வார்கள். ஆங்கிலம் வழியாகப் படித்தால் இது விசித்திரம். தமிழ் வழியாகப் படித்தால் பழகிய வீடு.

கடைசியாக: "வீ ஸுட் இஸ் க்ரெய்ஃக்ட் லெக்கெர்ஸ், வீ ஸ்டவ்ட் இஸ் டெ ரு." யார் நல்ல பிள்ளையோ அவருக்குத் தின்பண்டம், யார் குறும்போ அவருக்குப் பிரம்பு. 'ஸுட்' என்றால் இனிப்பு என்று அகராதி சொல்லும். குழந்தையைச் சொன்னால் சமத்து. 'லெக்கெர்' சுவையானது. சாப்பாட்டோடு நிற்காது: நல்ல வெயிலும் 'லெக்கெர்', நல்ல தூக்கமும் 'லெக்கெர்'. 'ரு' பிரம்புக் கட்டு. அது வேண்டாம். ஒரு பழைய பாட்டில் எடுக்க வேண்டியது எது, விட வேண்டியது எது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

6. பன்னிரண்டு சொல், அதற்கு மேல் கிடையாது

ஒரு பாட்டுக்குப் பன்னிரண்டு. ஆறு மாதத்தில் 25 பாட்டு, முந்நூறு சொல். குறைவாகத் தெரியும். ஆனால் என் முதல் நோட்டின் அறுநூறில் இன்று ஐம்பதுகூட ஞாபகம் இல்லை. முந்நூறில் பெரும்பாலும் வாயில் வருகின்றன.

எடுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த வாரம் கடையிலோ அலுவலகத்திலோ பள்ளி வாசலிலோ இதைச் சொல்ல எனக்கு வாய்ப்பு உண்டா? இல்லை என்றால் அது பாட்டோடு இருக்கட்டும்.

சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். பெயர்ச்சொல் என்றால் 'டெ' அல்லது 'ஹெட்' உடன் எழுதுங்கள், நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று. வினை என்றால் அதோடு ஒட்டும் குட்டிச் சொல்லோடு, பச்சையில். இங்கே பாட்டு ஒரு மோசடி செய்யும். காதல் பாட்டில் எல்லாம் 'என் இதயம், உன் கண்கள்' என்றுதான் வரும். 'மெய்ன்' (என்), 'யவ்' (உன்) இரண்டும் 'டெ' சொல்லுக்கும் 'ஹெட்' சொல்லுக்கும் ஒரே மாதிரி இருக்கும், எது என்று காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுப்பது 'எங்கள்' என்ற சொல். 'ஓன்ஸ்' என்று வந்தால் அடுத்து வருவது 'ஹெட்' சொல்: 'ஓன்ஸ் ஹய்ஸ்', எங்கள் வீடு. 'ஓன்ஸெ' என்று வந்தால் 'டெ' சொல்: 'ஓன்ஸெ ஸ்டாட்', எங்கள் ஊர். பன்மையாக இருந்தால் எப்போதும் 'ஓன்ஸெ' தான், ஆகவே ஒருமையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'ஒரு' என்ற பொருளில் 'அன்' வந்து அதன் பின் பெயரடை வரும்போதும் தடயம் கிடைக்கும். 'அன் லாங்ஙெ நாஃக்ட்', ஒரு நீண்ட இரவு. பெயரடையின் வாலில் 'எ' இருக்கிறது, அதனால் 'டெ நாஃக்ட்'. 'அன் க்லெய்ன் டோர்ப்', ஒரு சின்ன ஊர். வாலில் ஒன்றும் இல்லை, அதனால் 'ஹெட் டோர்ப்'. துப்பறிவது போல இருக்கும், என் மகளுக்கு இதுதான் விளையாட்டு.

காலம் காட்டும் சொற்களுக்கு ஒரு குழந்தைப் பாட்டைப் பரிந்துரைக்கிறேன். 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டில் வரும் 'அல்டெய்ட் இஸ் கோர்ட்யாக்யெ ஸீக்'. எப்போதும் நோயாக இருப்பாள், வாரத்தின் நடுவில், ஞாயிறன்று மட்டும் இல்லை. முதல் வரியிலேயே 'எப்போதும்' முன்னால் வந்ததும் 'இருக்கிறாள்' அவள் பெயருக்கு முன் தாவிவிட்டதைப் பாருங்கள். வினை இரண்டாம் இடத்தை விட்டுக்கொடுக்காது. 'ஸ்ஸோன்டாஃக்ஸ்' ஞாயிறுகளில். இதே வார்ப்பில் 'ஸாவன்ட்ஸ்' மாலைகளில், 'ஸ்மோர்ஃகன்ஸ்' காலைகளில். மருத்துவரிடம் "மாத்திரை எப்போது?" என்று கேட்டால் இந்தச் சொற்கள்தான் பதிலாக வரும்.

இயந்திர மொழிபெயர்ப்பில் பாட்டு வரியைப் போட்டுத் தமிழில் கேட்காதீர்கள். ஒரு தடவை 'நான் உன்னிடமிருந்து பிடிக்கிறேன்' என்று வந்தது. அது 'நான் உன்னைக் காதலிக்கிறேன்'. 'ஹவ்டன்' என்றால் பிடித்துவைப்பது, 'ஹவ்டன் ஃபன்' என்றால் நேசிப்பது, விரும்புவது. தேநீரையும் அப்படியே சொல்லலாம்.

7. குட்டிச் சொற்களை விடாதீர்கள்

வகுப்பில் இவற்றுக்கு 'பொருள் இல்லை, போகப் போகப் புரியும்' என்பார்கள். தமிழருக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை, நம்மிடம் நேர்ச்சோடி உண்டு. 'டோஃக்' என்பது நம் 'தானே': "யெ கோம்ட் டோஃக்?" வருவாய்தானே? 'வெல்' என்பது மறுத்தவரிடம் அழுத்திச் சொல்லும் 'தான்': "இக் ஹெப் ஹெட் வெல் ஃகெஸெஃக்ட்", சொன்னேன்தான். 'மார்' என்றால் 'ஆனால்' என்று படித்திருப்பீர்கள். "கோம் மார் பின்னன்" என்று யாராவது கதவைத் திறந்து சொன்னால் அதில் 'ஆனால்' எதுவும் இல்லை: 'உள்ளே வாங்களேன்'. "வாஃக்ட் ஏவன்", கொஞ்சம் இருங்கள். "யா ஹோர்", ஆமாம்பா. பாட்டில் இவை அசைக்கு அசை கேட்கும். பேச்சில் விழுங்கிவிடுவார்கள். அதனால் பாட்டில் பிடித்து வையுங்கள்.

இன்னொரு சாதகமும் உண்டு. 'என்று', 'ஏனென்றால்' (ஓம்டட்), 'போது' வகை இணைப்பு வந்துவிட்டால் டச்சு வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். "டட் இக் மோர்ஃகன் நார் ஹய்ஸ் ஃகா." நான் நாளை வீட்டுக்குப் போகிறேன் என்று. வரிசையைப் பாருங்கள், நம்முடையதேதான். இணைப்புச் சொல் மட்டும் அவர்களுக்கு முன்னால், நமக்குப் பின்னால். ஆனால் பாட்டெழுதுபவர்கள் எதுகைக்காக வரிசையைப் புரட்டுவார்கள், நம்மூரிலும் அதே கதைதான். சொல்லைப் பாட்டிலிருந்து எடுங்கள், வரிசையைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுங்கள்.

வார இறுதியில் பன்னிரண்டு சொல்லுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதி, டால்கஃபேயில் சத்தமாகச் சொல்லுங்கள். திருத்தம் அங்கேதான் கிடைக்கும். எனக்கு அலுவலகத்தில் கிடைத்தது. 'ஃபெர்லாங்ஙன் நார்' என்று ஒரு பாட்டில் எடுத்து 'எதிர்பார்த்தல்' என்று எழுதிவைத்திருந்தேன். சக ஊழியர் ஒருவருக்கு மின்னஞ்சலில் "உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்" என்று அதைப் போட்டு அனுப்பினேன். அவர் வந்து என் மேசையருகே நின்று சிரித்தார். நான் எழுதியிருந்தது, "உங்கள் பதிலுக்காக ஏங்குகிறேன்." அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் ஒரு குறி போடுகிறேன்: வீட்டில் சொல்லலாம், அலுவலகத்தில் சொல்லலாம், பாட்டில் மட்டும்.

8. தேர்வுக்கு இதை எங்கே நிறுத்துவது

தேர்வில் வரும் சொற்கள் நகராட்சி, காப்பீடு, படிவம், முன்பதிவு, குடும்ப மருத்துவர், வாடகை. எந்தப் பாடகரும் இதைப் பாடியதில்லை. அதனால் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பிருந்து புதுப் பாட்டு வேண்டாம். அந்த 25 நிமிடத்தையும் மாதிரித் தேர்வுக்குக் கொடுங்கள். தேர்வை நடத்தும் டுயோ அமைப்பின் இன்புர்ஃகரன் தளத்தில் மாதிரித் தேர்வுகள் இலவசம். பழைய பாட்டுகளை மட்டும் சைக்கிள் ஓட்டும்போது முணுமுணுத்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு டிஜிடி (DigiD) என்ற அரசு இணைய அடையாளக் கணக்கு வேண்டும். நான் கட்டியது: படித்தல், கேட்டல், எழுதுதல் தலா 50 யூரோ, பேசுதல் 60, நெதர்லாந்துச் சமூக அறிவுக்கான கேஎன்எம் 40. மொத்தம் 250 யூரோ. பதிவு செய்யும் நாளில் தொகையைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தையும் ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை. பாட்டு கேட்டுப் பழகியவர்கள் கேட்டல் தேர்வை முதலில் முடிக்கலாம். முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும். வசிப்புரிமை விண்ணப்பத்துக்குக் கெடு இருந்தால் அந்த எட்டு வாரத்தையும், ஒன்றில் தவறினால் திரும்ப எழுத இன்னொரு எட்டு வாரத்தையும் கழித்து நாள் குறியுங்கள்.

பேசுதல் தேர்வு ஆளுக்கு முன்னால் அல்ல, கணினி முன்னால். காதில் ஒலிவாங்கியோடு கூடிய கருவியை மாட்டிக்கொண்டு, பக்கத்து மேசைகளில் மற்றவர்களும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்க, நீங்களும் பேச வேண்டும். எனக்கு முதல் இரண்டு கேள்விக்கு வாய் எழவில்லை. வீட்டில் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு பழகிப் பாருங்கள். அன்றைக்குக் கடவுச்சீட்டையோ வசிப்பு அட்டையையோ எடுத்துப் போக மறக்காதீர்கள். செல்லுபடியாகும் அடையாள ஆவணத்தின் அசல் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், கைபேசியில் இருக்கும் படம் செல்லாது.